மேலே போனால் மட்டும் கேட்கும் சத்தம்

சின்ன ஜமீன்தாரான காரைக்காட்டூர் மிட்டாதார் மருதாசலம் சென்னையில் ஒரு பழைய ஆகாய விமானத்தை ஏலத்தில் எடுத்தபோது, கல்யாணப் பெண்ணோடு வரும் சீர்வரிசை மாதிரி அதோடு கூடவே வந்து சேர்ந்தவன் சென்னிமலை. "வண்டிய எடுத்துட்டீங்க, சரி. நாளைக்கு அது இருமுனா யாருங்க மருந்து குடுப்பாங்க?" என்று ஏலம் முடிந்த கையோடு அவரிடம் கேட்டவன் அவன்தான். ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் மிட்டாதார் திரும்பிப் பார்த்தார். எந்த ஊர் என்றார். நாமக்கல் பக்கம் என்றான். அன்று மாலையே வேலை பேசி முடிந்துவிட்டது.

அது 1937ஆம் வருஷம். சென்னிமலைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாமக்கல்லில் ஒரு பஸ் ஷெட்டில் இன்ஜின் பிரித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் தலைக்குமேல் போன விமானத்தை அண்ணாந்து பார்த்து, "நாலு சிலிண்டர்ல ஒண்ணு ஒழுங்கா வேலை செய்யல" என்று சொல்லிவிட்டு, மறு வாரமே சென்னைக்கு ரயிலேறிவிட்டான். அங்கே பணக்காரர்கள் பறக்கப் பழகும் ஒரு கிளப்பின் கொட்டகையில் ஆறு வருஷம். ஏலத்துக்கு வந்ததும் அந்தக் கிளப்பின் விமானம்தான். விமானத்தில் எந்தத் திருகாணி எத்தனை சுற்றில் இறுகும் என்பது வரைக்கும் கற்றுக்கொண்டான். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் ஒருதரம்கூட அவனை யாரும் மேலே கூட்டிப் போகவில்லை. மெக்கானிக் என்றால் தரையில் நிற்கிறவன், விமானம் போன திசையைப் பார்த்துக் கைகளைத் துடைக்கிறவன். சென்னிமலையும் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஆசை பளபளவென்று ஏறிக்கொண்டே போனது.

மிட்டாதாருக்கு ஏற்பட்ட சங்கடம் நேர் எதிர். கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்திலிருந்து மூன்று மைலில் இருந்த தம்முடைய நிலக்கடலைக் காட்டைச் சமன் செய்து, கொட்டகை போட்டு, ரொசாரியோ என்ற விமானியையும் அமர்த்திக்கொண்டு, நல்ல நாள் பார்த்து மேலே போனார். ஐம்பதடி போயிருக்கும். முன் இருக்கையிலிருந்து அவர் போட்ட கூச்சல் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டதாகக் கீழே நின்றவர்கள் சொன்னார்கள். இறங்கியதும் வேப்பமரத்தடியில் போய் வாந்தியெடுத்துவிட்டு, "காத்து செரியில்ல" என்றார். அதன்பிறகு அவருக்குக் காற்று சரியாக அமையவே இல்லை. தோல் குல்லாயும் கண்ணாடியும் தோல் கோட்டும் மாட்டிக்கொண்டு, நிற்கிற விமானத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆக, பறப்பது ரொசாரியோ ஒருவர்தான். இயந்திரம் துருப்பிடிக்காமல் இருக்க, தினமும் ஒரு சுற்று. சென்னிமலை பதினைந்து நாள் பார்த்தான். பதினாறாம் நாள் அவர் இறங்கும்போது முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான்.

"இன்ஜின்ல ஒரு சத்தம் இருக்குதுங்க."

"எனக்குக் கேட்கவில்லையே" என்றார் ரொசாரியோ.

"ஓட்டறவங்களுக்குக் கேக்காதுங்க. கீழயும் கேக்காது. ஆயிரம் அடிக்கு மேல போனா, காது பழகுன ஆளுக்குத்தான் கேக்கும்."

"நீதான் மேலே வந்ததே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

சென்னிமலை கொஞ்சமும் தடுமாறவில்லை. "அதனாலதானுங்க வந்து கேக்கோணும்ங்கறேன்."

அன்று சாயங்காலம் அவன் முதன்முதலாக மேலே போனான். காடு கீழே நழுவியது. தான் ஆறு வருஷமாகத் துடைத்துக் கொடுத்த இறக்கைத் துணி, காற்றைப் பிடித்துக்கொண்டு மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தான். ஏரிகள் ஒவ்வொன்றாகச் சாயங்கால வெயிலைத் திருப்பிக் காட்டின. தெற்கே நாமக்கல் பாறை, யாரோ உருட்டி வைத்துவிட்டு மறந்துபோன களி உருண்டை போல உட்கார்ந்திருந்தது. கொல்லிமலை கிழக்கே பக்கச் சுவராக எழும்பியது. அதன் ஓரத்தில் மேய்ந்த ஆடுகள் எள்ளு சிந்தியதுபோல இருந்தன. அவனுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் துடைக்க முடியவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை.

இறங்கியதும் ரொசாரியோ கேட்டார். "சத்தம் இருக்கிறதா?"

"இருக்குதுங்க. எங்கிருந்து வருதுன்னுதான் புடிபடல. இன்னும் ரெண்டு மூணு தடவ போகோணும்."

அந்தச் சத்தம் ஏழு மாதம் இருந்தது.

ரொசாரியோ ஏமாளி அல்ல. மூன்றாம் நாளே விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்கும் ஒரு தேவை இருந்தது. மிட்டாதார் வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பை மத்தியானம் ஒரு பிடி பிடித்தார் என்றால் நான்கு மணிக்குக் கண் செருகும். ஆகாயத்தில் தூங்குவது போன்ற சுகம் எங்கும் கிடையாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு இன்னொருவன் ஓட்டவேண்டும். இரண்டு இருக்கையிலும் ஓட்டும் கம்பு இருந்தது வசதியாகப் போயிற்று. முதல் மாதம் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் மாதம் திட்டினார். மூன்றாம் மாதத்திலிருந்து சென்னிமலையைப் பின்னால் ஓட்டுகிற இருக்கையில் உட்காரவைத்து, தாம் முன்னால் சாய்ந்துகொண்டார். ஒருநாள் விமானம் இறங்கி, ஓடி, கொட்டகைக்குள் தள்ளப்பட்ட பிறகுதான் அவருக்கு விழிப்பு வந்தது. "சத்தம் எப்படி?" என்றார் கொட்டாவியோடு. "பரவாயில்லீங்க" என்றான் சென்னிமலை.

மறு வருஷக் கடைசியில் ரொசாரியோவுக்குப் பம்பாயில் தபால் விமானம் ஓட்டும் வேலை கிடைத்தது. கிளம்பும்போது அவன் தோளைத் தட்டி, "அந்தச் சத்தத்தைச் சரிபண்ணித் தொலைத்துவிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பத்தாம் நாள் மிட்டாதார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பங்களாவில் பெரிய அதிகாரிகளின் தேநீர் விருந்து. விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று கலெக்டர் கேட்டிருக்கிறார். நான்தான் என்று மிட்டாதார் சொல்லிவிட்டார். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. வாயில் கேக் இருந்த நேரம், சுருக்கமான பதில் அதுதான். கலெக்டர் ரொம்ப சந்தோஷப்பட்டு, தை மாதம் சேலத்தில் நடக்கும் விவசாயக் கண்காட்சித் திறப்புக்கு மேலே பறந்து வந்து பூப் போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மிட்டாதார் கொட்டகைக்கு வந்தார். கொஞ்ச நேரம் இறக்கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சென்னிமலை, ரொசாரியோ ஓட்டறத நீ பக்கத்துல இருந்து பாத்திருக்கறயல்லோ?"

"பாத்திருக்கறனுங்க எசமான்."

"பாத்தே கொஞ்சம் கத்துக்கிட்டிருப்பயா? சும்மா கேக்கறேன்."

சென்னிமலைக்கு உள்ளங்கால் கூசியது. ஆனாலும் தலையைச் சொறிந்து, கொல்லிமலையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ரொம்ப யோசித்தான். "கஷ்டமுங்க. உசுரு சமாச்சாரம். எசமான் சொன்னா, தெனமும் ரெண்டு மணி நேரம் பழகிப் பாக்கறனுங்க."

"தெனமும் பழகு. ஆனா என்ற குல்லாயும் கோட்டும் மாட்டிக்கிட்டுப் பழகு. கீழேயிருந்து பாக்கறவங்களுக்கு நாந்தான்."

இப்படியாக, பறந்ததாக நாலு பேர் பார்க்கவேண்டும் என்ற ஆசையுள்ளவரும், யார் பெயரிலாவது பறந்தால் போதும் என்ற ஆசையுள்ளவனும் கைகோத்தார்கள். உயரம் இருவருக்கும் ஒன்று. மீசைதான் இடித்தது. மிட்டாதாருடையது அணில் வாலைப் போலப் புசுபுசுவென்று இருக்கும். உடனே மீசை வளர்க்கும்படி சென்னிமலைக்கு உத்தரவாயிற்று. கண்காட்சி நாள்வரை பாதிதான் வளர்ந்தது. மீதியை சைலன்ஸர் கரியால் தீட்டிக்கொண்டான்.

பூப் போட்டுவிட்டு ஒரே ஒரு சுற்று. உடனே திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னிமலை மூன்று சுற்று சுற்றினான். மூன்றாவது சுற்றில் பந்தலின் கொடித்துணிகள் படபடக்கும் அளவுக்குத் தாழ்ந்து போய்ச் செவ்வந்திப் பூவைக் கொட்டினான். கூடையும் சேர்ந்து நழுவி, பேண்டு வாத்தியக்காரர்களின் பெரிய முரசின்மேல் போய் உட்கார்ந்தது. அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள்.

அதுவரைக்கும் மிட்டாதார் தம் காட்டோரத்தில், சோளத்தட்டுப் போருக்குள் குந்தியிருந்தார். விமானம் இறங்கி, போருக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றதும், சென்னிமலை கோட்டைக் கழற்றி உள்ளே எறிந்தான். ஐந்தே நிமிஷம். சேலத்திலிருந்து கார்களில் துரத்திக்கொண்டு வந்தவர்கள் சேர்ந்தபோது, மிட்டாதார் குல்லாயும் கோட்டுமாக இறக்கையில் சாய்ந்து நின்றார். மெக்கானிக் எண்ணெய்த் துணியோடு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏழு மாலை விழுந்தது. யாரோ ஒருவர், "மூணாவது சுத்துல நெஞ்சே நின்னுபோச்சுங்க" என்றார். "மூணா?" என்று கேட்டுவிட்டு மிட்டாதார் ஒருதரம் மெக்கானிக்கைப் பார்த்தார். "ஆமாமா, மூணு" என்று சமாளித்தார்.

எல்லோரும் நம்பினார்கள், ஓர் ஆளைத் தவிர. மிட்டாதாரின் மனைவி சௌந்திரம் அன்று சாப்பாடு பரிமாறும்போது, புருஷன் காதோரத்திலிருந்து மூன்று விரல் நீளத்துக்கு ஒரு சோளத்தட்டுச் சருகை எடுத்தாள். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, ஆகாயத்துல சோளங்கூட வெதைச்சிருக்காங்களா?"

"காத்துல எல்லாந்தான் பறக்குது. ரசத்த ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றினாள். மறுநாள் நேராகக் கொட்டகைக்குப் போனாள். சென்னிமலை புரொபெல்லருக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். உதட்டுக்கு மேலே கரி இன்னும் முழுசாகப் போகவில்லை. அவள் அதைத்தான் பார்த்தாள்.

"மூணு சுத்தும் நீதானா?"

அவன் வாயைத் திறப்பதற்குள், "பொய் சொல்லாத. பொய் சொன்னா அவரு மொகம் எப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியும். உன்ற மொகம் புதுசு, எனக்குப் படிக்கத் தெரீல" என்றாள்.

"ஆமாங்க எசமானி" என்றான். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

"செரி. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா புதன்கெழம புதன்கெழம அவரு கேஸ் விசயமாச் சேலம் போறாரல்லோ, அப்ப என்னைய மேல கூட்டிட்டுப் போகோணும்."

முதல் புதன்கிழமை, அவள் பயந்தால் உடனே இறக்கிவிடலாம் என்று மெதுவாகத்தான் ஏற்றினான். முன் இருக்கையிலிருந்து ஒரு கை எழுந்து, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று ஆட்டியது. இரண்டாம் புதன்கிழமை திருச்செங்கோட்டுப் பக்கம் தன் பிறந்த வீட்டுக்கு மேலே போகச் சொன்னாள். கால் ஒடிந்து படுத்திருப்பதாகவும், அதனால் மிட்டாதார் வீட்டு விசேஷத்துக்கு வரமுடியாது என்றும் அண்ணன் பெண்சாதி சொல்லியனுப்பியிருந்தாள். மேலேயிருந்து பார்த்தால், அந்த அம்மாள் ஒரு எருமையைத் துரத்திக்கொண்டு தோட்டத்தில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தாள். சௌந்திரம் சிரித்த சிரிப்பில் விமானமே குலுங்கியதாக சென்னிமலை சொல்வான். ஆடி மாதத்துக்குள் அவள் புரொபெல்லரை இழுத்து இன்ஜினைக் கிளப்பக் கற்றுக்கொண்டாள். கம்பையும் பிடித்து நேராக ஓட்டுவாள்.

மிட்டாதாருக்கோ புகழ் ஏறிக்கொண்டே போனது. தேர்த் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எட்டு ஒன்பது தரம் 'அவர்' பறந்தார். ஒவ்வொன்றையும் கணக்காகப் பறப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தவன் சென்னிமலை. நேரம், உயரம், காற்று எல்லாம் சரியாக இருக்கும். பெயர் மட்டும் மருதாசலம். பெயரை எழுதுகிற இடம் வரும்போது பேனா சற்று நிற்கும். பிறகு எழுதும். விமானம் ஓட்ட லைசென்ஸ் வேண்டாமா என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருநாள் சந்தேகமாகக் கேட்டார். மிட்டாதார் உள்ளே போய்த் துப்பாக்கி லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டினார். இன்ஸ்பெக்டர் முத்திரையைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் பத்திரிகை ஒன்றில் 'பறக்கும் மிட்டாதார்' என்று படத்தோடு வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் யுத்தம் தொடங்கியது. ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விமானம் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் சர்க்காருக்குத் தேவை. தங்களுடைய திறமையைக் கேள்விப்பட்டோம். லைசென்ஸ் விவரம் எங்கள் ஆபீசில் காணப்படாதது விந்தையாக உள்ளது. தங்களைப் பரீட்சித்துப் பார்க்க அதிகாரி ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

மிட்டாதார் கடிதத்தை மூன்று தரம் படித்தார். கொட்டகையில் பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் காய்ச்சல்னு தந்தி குடுத்துரலாமா?"

"காய்ச்சல் வுட்டதும் வருவாங்களுங்க" என்றான் சென்னிமலை.

சௌந்திரம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அந்தத் தொரை உங்களப் பாத்திருக்கறாரா?"

"இல்ல."

"இவனைப் பாத்திருக்கறாரா?"

"இல்ல."

"பத்திரிகையில வந்தது குல்லாயும் கண்ணாடியும்தான். அப்பறமென்ன? இவன் மிட்டாதார். நீங்க மெக்கானிக்."

மிட்டாதார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தன. யோசனை நன்றாக இருக்கிறது என்பது முதலாவது. இவளுக்கு எல்லாம் தெரியும் என்பது இரண்டாவது. "எப்பத்திலிருந்து?" என்றார் ஈனக்குரலில்.

"சோளத்தட்டு அன்னைக்கிருந்து" என்றாள். புதன்கிழமைகளைப் பற்றி அவள் சொல்லவில்லை. சென்னிமலையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துரை வந்தார். நெட்டையான மனிதர், திருச்சி, மதுரை என்று பத்து வருஷம் இருந்தவர். சென்னிமலை பட்டுச் சட்டையும் தோல் கோட்டுமாக எதிர்கொண்டு போய்க் கைகுலுக்கினான். மிட்டாதார் காக்கி அரைக்கால் சட்டையில், எண்ணெய்க் குவளையோடு ஒதுங்கி நின்றார். காக்கி உடை பழசு, கரி புதுசு. எல்லாம் யோசித்தவர்கள், அவர் காதில் மின்னிய வைரக் கடுக்கனைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

இயந்திரம் எப்படி இருக்கிறது என்று துரை இங்கிலீஷில் கேட்டார். "எஸ் சார். டாப்பெட் குட் சார். மேக்னெட்டோ வெரி குட் சார்" என்றார் 'மிட்டாதார்'. துரை திரும்பி மெக்கானிக்கிடம் ஏதும் கோளாறு உண்டா என்றார். காலேஜில் படித்த மெக்கானிக், கோர்ட்டில் வாதாடும் தோரணையில், இந்நாள்வரை இவ்வியந்திரத்தின் நடத்தை குறித்து எவ்விதமான ஆட்சேபணையும் எழவில்லை என்று அழகான இங்கிலீஷில் பதில் சொன்னார். துரையின் பார்வை கடுக்கனில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு பட்டுச் சட்டை 'மிட்டாதாரின்' விரல்களுக்குப் போனது. அந்த நகக்கண்களில் எட்டு ஒன்பது வருஷத்து கிரீஸ் இருந்தது. துரை முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

சென்னிமலை பின்னால் ஏறினான். இனி மெக்கானிக் புரொபெல்லரை இழுத்துச் சுழற்றவேண்டும். மிட்டாதார் அதைத் தொட்டுப் பார்த்தார். பல்லிக்குப் பயந்தவர் போல விரல் நுனியால் பிடித்து இழுத்தார். அது கால் சுற்றுகூட வரவில்லை.

அந்த நேரத்தில் சென்னிமலைக்குள் ஏதோ குறும்பு புகுந்துவிட்டது. பின் இருக்கையில் சாய்ந்துகொண்டு, மிட்டாதார் அவனிடம் பேசுகிற அதே குரலில், "ஏப்பா, நல்லா இழு. சோறு திங்கறயா இல்லியா?" என்றான்.

மிட்டாதாரின் கண்கள் சிவந்தன. அந்தக் கோபத்தில் முழு பலத்தோடு இழுத்தார். இன்ஜின் உறுமிக்கொண்டு பிடித்தது. ஆனால் இழுத்தவுடன் பின்னால் நகரவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. சுழலும் மரத்துக்கு ஒரு முழம் தள்ளி, காற்றில் தலைத்துண்டு பறக்க, மலைத்துப்போய் நின்றார்.

"மாமா, தள்ளி நில்லுங்க. அடிச்சுரும்."

வேப்பமரத்தடியில் மோர்ச் செம்போடு நின்ற சௌந்திரம்தான். செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையை விடவும் இல்லை. துரை அதைப் பார்த்தார். மெக்கானிக்கை மாமா என்கிற மிட்டாதாரிணியைப் பத்து வருஷத்தில் அவர் சந்தித்ததில்லை. இருந்தாலும் கையை முன்னால் நீட்டி, போகலாம் என்று சைகை காட்டினார்.

மேலே போனதும் சென்னிமலைக்குக் கீழே நடந்ததெல்லாம் மறந்துபோயிற்று. எட்டுப் போடச் சொன்னார், போட்டான். செங்குத்தாக ஏறச் சொன்னார், ஏறினான். மூவாயிரம் அடியில் துரை எதிர்பாராமல் இன்ஜினை அடக்கினார். சட்டென்று ஒரே அமைதி. கம்பிகளில் காற்று ஊதுகிற சத்தம் மட்டும். இப்போது இறக்கு என்றார். கடலைக் காட்டுக்குத் திரும்ப உயரம் பத்தாது. வறண்டு கிடந்த ஓர் ஏரி கண்ணில் பட்டது. அதன் நடுவே ஆடுகள். சென்னிமலை ஒரு பக்கமாகச் சாய்த்து வழுக்கவிட்டு, கருவேல மரங்களை உரசாமல் தாண்டி, ஆடுகளுக்கும் கரைக்கும் நடுவே இருந்த துண்டு நிலத்தில் பூப்போல வைத்தான். ஆடு மேய்த்த பெண்பிள்ளை எழுந்துகூட நிற்கவில்லை. "ஏஞ்சாமி, வழி தப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி இன்ஜினை முடுக்கிக் கிளம்பிக் கடலைக் காட்டுக்குத் திரும்பியதும் துரை ஒரு காகிதத்தை இறக்கைமேல் விரித்து, பேனாவைத் திறந்தார். "பெயர்?" என்று தமிழிலேயே கேட்டார்.

மருதாசலம் என்று சொன்னால் வேலை முடிந்தது. ஒன்பது தரம் அந்தப் பெயரைத் தானே எழுதியும் இருக்கிறான். சொல்லாவிட்டால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு ஜெயில் உண்டு என்பதும் அவனுக்குத் தெரியும். காகிதத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வேறு எதையும்விட அந்த வெறுமைதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"சென்னிமலைங்க" என்றான். "மெக்கானிக்குங்க."

பிறகு மிட்டாதார் முன்னால் வந்தார். முழங்கால் வரைக்கும் கரி. ஆனால் குரல் மிட்டாதாருடையது. தப்பு முழுவதும் தன்னுடையது, இவன் சம்பளத்துக்கு இருப்பவன், சொன்னதைச் செய்தான், தண்டனை எதுவானாலும் தன்னோடு நிற்கவேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். அந்தத் தடவை கோர்ட்டுத் தோரணை இல்லை.

துரை பேனாவை மூடவில்லை. "இவன் உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால், நாளை மறுநாள் உங்களை யுத்த விமானத்தில் உட்காரவைத்திருப்பேன்" என்றார். மிட்டாதார் மெல்ல எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். துரை எழுதினார். இயந்திரத்தை சர்க்கார் எடுத்துக்கொள்கிறது. ஆறு நாளுக்குள் அதைச் சென்னையில் கொண்டுவந்து ஒப்படைக்க இந்த சென்னிமலைக்கு ஒரே ஒரு தடவை அனுமதி. அங்கே ஒழுங்கான பரீட்சை, தேறினால் பயிற்சிப் பள்ளியில் வேலை, தேறாவிட்டால் ஜெயில். பயணி யாரையும் ஏற்றக்கூடாது. இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டார்.

தேறினான் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். யுத்தம் முடிகிறவரைக்கும் எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தான். முன் இருக்கையில் ஒருதரம்கூடத் தூங்கவில்லை.

ஒப்படைப்புக் காகிதங்களில் கையெழுத்துப் போட மிட்டாதாரும் சென்னை போகவேண்டியிருந்தது. "நானும் வாரேன்" என்றாள் சௌந்திரம்.

"ரெயில்ல ரெண்டு எடம் போடச் சொல்றேன்."

"ஒண்ணு போதுமுங்க."

மிட்டாதார் அவளைப் பார்த்தார். சென்னிமலையைப் பார்த்தார். அவன் மும்முரமாக ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. "பயணி ஏத்தக்கூடாதுன்னு தொரை கோடு போட்டிருக்கறாரே" என்றார்.

"பயணின்னா டிக்கெட்டு வாங்குனவங்கதானுங்க மாமா."

மிட்டாதார் தனியாகச் சேலத்தில் ரயிலேறினார். அதே காலை, சௌந்திரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே புரொபெல்லரைச் சுழற்றிவிட்டு, முன் இருக்கையில் ஏறினாள். வழி தவறாமல் இருக்க சென்னிமலை ரயில் தண்டவாளத்தையே பிடித்துக்கொண்டு போனான். பொம்மிடி தாண்டி, மொரப்பூருக்கு முன்னால், கீழே புகை கக்கிக்கொண்டு ஊர்ந்த ரயிலை எட்டிப் பிடித்தார்கள். முன்னாலிருந்து ஒரு கை, கீழே போ என்று காட்டியது. போனான்.

வண்டிக்குள் நடந்ததை மிட்டாதார் பின்னால் தாமே சொன்னதுண்டு. பெட்டி முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சேலத்து ஜவுளி வியாபாரி, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"யாருன்னு தெரியுதுங்களா? நம்ம காரைக்காட்டூர் மிட்டாதாருங்க. பயம்னா என்னன்னே தெரியாத மனுசன்."

"அப்பிடீங்களா" என்றார் மிட்டாதார்.

"முன்னால ஒரு பொம்பளயாட்டத் தெரியுதே."

"அவரு சம்சாரமா இருக்குமுங்க" என்றார். எழுந்து, ஜன்னலுக்கு வெளியே தலையையும் கையையும் நீட்டி, கண்ணில் இன்ஜின் கரி விழுகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.